மியூனிக்கின் 19,400 துளைகள்: ஒரு பெயரும் விடாமல் மேப்பில் எழுதுவது எப்படி?

ஜெர்மனியின் மியூனிக் நகரம் சரளைக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பனியுகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து அடித்துவரப்பட்ட கூழாங்கல்லும் மணலும் அங்கே தெற்கிலிருந்து வடக்காகச் சரியும் ஒரு பெரிய சமவெளியாகப் படிந்திருக்கின்றன. அந்தக் கற்களின் இடுக்கில் நிலத்தடி நீர் வடக்கு நோக்கி நகர்கிறது. தெற்கே ஆழத்தில் இருக்கும் நீர் வடக்கே போகப்போக மேலேறி, டாக்காவ் பக்கம் சதுப்பு நிலமாகவே வெளியே வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட மண்ணில் ஓரிடத்தில் எண்ணெயோ ரசாயனமோ கசிந்தால் அது அங்கேயே தங்காது. நீரோடு சேர்ந்து நகரும். எனவே நீரின் தரத்தைத் துளைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததை மேப்பில் எழுதியும் வைக்க வேண்டும்.

மியூனிக் நகர நிர்வாகத்தின் கையில் இருந்த துளைகள் ஏறக்குறைய 19,400. ஒவ்வொரு துளைக்கும் மேப்பில் ஒரு புள்ளி. புள்ளியை ஒட்டி, அந்தத் துளையின் விவரத்தைச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம், அதாவது லேபிள். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஒன்றின் மேல் இன்னொன்று ஏறக் கூடாது. எழுத்து, படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை, கணினி அறிவியலில் பத்தாண்டு ஆராய்ச்சிக்குத் தீனி போட்டது. டிஜிட்டல் மேப் செய்யும் எவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் இன்று கைப்பேசியில் பார்க்கும் மேப்கள் இதே சிக்கலுக்கு வேறொரு விடையைத் தேர்ந்துகொண்டுவிட்டன. அந்த விடையில் நாம் இழந்தது என்ன என்பது மியூனிக்கைப் பார்த்தால்தான் புரிகிறது.

விட்டுவிட முடியாத புள்ளிகள்

சுற்றுலா மேப் என்றால் நெரிசலான இடத்தில் நான்கு கடைப் பெயர்களை விட்டுவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நிலத்தடி நீர் மேப்பில் அது நடக்காது. ஓரிடத்தில் மாசு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அங்கேதான் துளைகளை நெருக்கமாகப் போடுவார்கள். ஆக, எங்கே லேபிள்கள் முட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் தகவல் முக்கியமானதாக இருக்கும். அங்கே போய் இரண்டு எண்ணைத் தூக்கினால் மேப்பின் பயனே போய்விடும்.

அதனால் கேள்வி இப்படி அமைந்தது: எல்லாப் புள்ளிக்கும் லேபிள் உண்டு, ஒன்றைக்கூட விட முடியாது. ஒவ்வொரு லேபிளும் தன் புள்ளியை ஏதாவது ஒரு மூலையில் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதாவது புள்ளிக்கு வடகிழக்கு, வடமேற்கு, தென்மேற்கு, தென்கிழக்கு என்று நான்கே இடங்கள். இந்த நிபந்தனைகளோடு, எல்லா லேபிளும் ஒரே அளவில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

நான்கே இடம்தானே, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒரு புள்ளிக்கு 4 வழி, இரண்டு புள்ளிக்கு 16, மூன்றுக்கு 64. இருபது புள்ளிக்கு வரும்போதே ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடுகிறது. பல ஆயிரம் புள்ளிகளை இந்த வழியில் தொடவே முடியாது.

மைக்கேல் ஃபோர்மன், ஃபிராங்க் வாக்னர் என்ற கணினி அறிவியலாளர்கள் இருவர் 1991இல் இதைக் கணித வடிவில் எழுதி இரண்டு விஷயங்களை நிறுவினார்கள். முதலாவது, இது என்பி-கடினம் என்ற வகைச் சிக்கல். எல்லா மேப்புக்கும் சரியான உச்ச அளவை வேகமாகக் கண்டுபிடிக்கும் அல்காரிதம், அதாவது கணினி படிப்படியாகப் பின்பற்றும் வழிமுறை, இதுவரை யாரிடமும் இல்லை. (அதே ஆண்டு ஜோ மார்க்ஸ், ஸ்டூவர்ட் ஷீபர் இருவரும் மேப் லேபிள் சிக்கலின் கடினத்தைத் தனியாக நிறுவினார்கள்.) இரண்டாவது, உச்ச அளவில் பாதியாவது கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி தரும் வேகமான அல்காரிதம் ஒன்று உண்டு. அந்தப் பாதியை விட நல்ல உறுதியை வேகமாகத் தருவதும் என்பி-கடினமே. கோட்பாட்டுப்படி பார்த்தால் வேலை முடிந்தது: இதற்கு மேல் உறுதி தர முடியாது, இருப்பதில் சிறந்ததும் கையில் இருக்கிறது.

கிராஃப் தாளில் மூன்று கிணறு

அந்த அல்காரிதம் எப்படி யோசிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நான் ஒரு கிராஃப் தாளில் மூன்று புள்ளி வைத்துப் பார்த்தேன். நீங்களும் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. முதல் கிணறு 'அ' நடுவில். அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வலமும் ஒரு சென்டிமீட்டர் மேலும் போனால் 'ஆ'. மறுபடி 'அ'விலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வலம், அரை சென்டிமீட்டர் கீழ் போனால் 'இ'. லேபிள், பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் உள்ள சதுரம்.

'அ'வின் வடகிழக்குச் சதுரத்தைப் பென்சிலால் போட்டால் அதற்குள்ளேயே 'ஆ' புள்ளி விழுகிறது. 'ஆ' தன் லேபிளை எந்தப் பக்கம் வைத்தாலும் முட்டும். எனவே அந்த இடத்தை அடித்துவிடலாம். இதே காரணத்தால் 'ஆ'வின் தென்மேற்கும் போகிறது. 'அ'வின் தென்கிழக்குச் சதுரத்துக்குள் 'இ' உட்கார்ந்திருக்கிறது; அதுவும் போச்சு. 'ஆ'வின் தென்கிழக்கும் 'இ'யால் போகிறது. 'இ'யின் வடமேற்குச் சதுரத்துக்குள் மற்ற இரண்டு புள்ளிகளுமே விழுகின்றன.

இப்போது மிச்சம் என்ன? 'அ'வுக்கு மேற்குப் பக்கத்து இரண்டு இடம். 'ஆ'வுக்கு வடக்குப் பக்கத்து இரண்டு இடம். 'இ'க்கு மூன்று இடம், அதில் தென்கிழக்குச் சதுரம் யாரையும் தொடவில்லை. தொடாததை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம், 'இ' முடிந்தது. 'அ'வும் 'ஆ'வும் ஒரே நேரத்தில் வடமேற்குக்குப் போனால் மட்டும் மோதல். 'அ' வடமேற்கைப் பிடித்தால் 'ஆ' வடகிழக்குக்குப் போக வேண்டும். 'ஆ' வடமேற்கைப் பிடித்தால் 'அ' தென்மேற்குக்கு இறங்க வேண்டும். 64 வழிகளில் தொடங்கியது, "இது என்றால் அது" என்ற ஒற்றை வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டது.

மொத்த வித்தையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் வாய்ப்பு இரண்டாகவோ அதற்குக் குறைவாகவோ சுருங்கிவிட்டால், மிச்சச் சிக்கல் முழுவதும் "இது என்றால் அது" என்ற வாக்கியங்களின் சங்கிலியாகிவிடும். அந்தச் சங்கிலியில் முரண் இருக்கிறதா இல்லையா என்று கணினி மிக வேகமாகச் சொல்லிவிடும். இதை டூ-சாட் என்பார்கள். வாய்ப்பு மூன்றாக இருந்தால் அதே கேள்வி என்பி-கடினமாகிவிடுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எல்லா மேப்பிலும் வாய்ப்புகள் நம் கிராஃப் தாளில் போலத் தானாகச் சுருங்காது. ஃபோர்மனும் வாக்னரும் சுருக்கியது இப்படி: எழுதப்போகும் சதுரத்தைப் போல இரண்டு மடங்கு பக்கமுள்ள சதுரத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பெரிய சதுரத்துக்குள் வேறு புள்ளி விழுந்தால் அந்த இடத்தை அடித்துவிடுவார்கள். இவ்வளவு கடுமையாகச் சலித்தால் மோதலுள்ள புள்ளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்புக்கு மேல் மிஞ்சாது என்று நிறுவ முடிகிறது. அப்புறம் டூ-சாட். அது முடியாது என்று சொன்னால், இரண்டு மடங்கு அளவில் எழுத எந்த வழியும் இல்லை என்று பொருள். "பாதி" என்ற உறுதி இப்படித்தான் வருகிறது. சலிப்பது இரட்டை அளவுக்கு, எழுதுவது ஒற்றை அளவுக்கு.

கோட்பாட்டில் உச்சம், மேசையில் பயனில்லை

இங்கேதான் இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம். வாக்னரும், பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றிய அலெக்சாண்டர் வோல்ஃபும் இந்த அல்காரிதத்தை மியூனிக் தரவில் போட்டுப் பார்த்தார்கள். 1997இல் வெளியான அவர்களின் கட்டுரை, கோட்பாட்டின்படி இதைவிடச் சிறந்த அல்காரிதம் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்து அது நடைமுறையில் பயனற்றது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கிடைக்கும் எழுத்தின் அளவு, கிடைக்கக்கூடிய உச்சத்திலிருந்து பொறுக்க முடியாத தூரத்தில் இருந்தது.

பாதி என்பது காகிதத்தில் மரியாதையான எண். மேப்பில் அப்படி இல்லை. பக்கம் பாதியானால் லேபிளின் பரப்பு கால் பங்காகிவிடும். 8 பாயிண்ட்டில் சிரமமில்லாமல் படித்திருக்க வேண்டிய எழுத்து 4 பாயிண்ட்டுக்கு இறங்கும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்தே இதை விடப் பெரிது. தரக்குறைவு எத்தனை சதவீதம் என்று கணக்கு சொல்லலாம். கண்ணுக்கு அது "படிக்க முடிகிறது", "முடியவில்லை" என்ற இரண்டே நிலைதான்.

அவர்கள் செய்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய அல்காரிதத்தைத் தூக்கிப்போடவில்லை. அதன் விடையை ஒரு எல்லையாக வைத்துக்கொண்டார்கள். அது தரும் அளவு உச்சத்தில் பாதிக்குக் குறையாது என்றால், உச்சம் அந்த அளவுக்கும் அதன் இரண்டு மடங்குக்கும் நடுவில்தானே இருக்க வேண்டும்? தேட வேண்டிய இடம் அங்கேயே சுருங்கிவிட்டது. அந்த இடைவெளிக்குள் வெவ்வேறு அளவுகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையிலும் இரட்டைச் சதுரத்தால் சலிப்பது இல்லை. உண்மையான அளவிலேயே பார்க்கிறார்கள். முடியவே முடியாத இடங்களை அடிக்கிறார்கள், யாரோடும் மோதாததை உடனே எடுத்துக்கொள்கிறார்கள், நாம் 'இ'க்குச் செய்தது போல. இன்னும் மூன்று நான்கு வாய்ப்போடு நிற்கும் புள்ளிகளில், எந்த இடம் அக்கம்பக்கத்தோடு அதிகம் மோதுகிறதோ அதைக் கழிக்கிறார்கள். இரண்டுக்கு வந்ததும் டூ-சாட்.

அந்தக் கழிக்கும் கட்டத்தில் உறுதி எதுவும் கிடையாது. தேவையான இடத்தையே தவறிக் கழித்துவிடலாம். ஆனாலும் மியூனிக் மேப்களில் கிடைத்த விடை உச்சத்துக்கு அருகில் வந்தது. உச்சம் தெரிந்த இடங்களில் நேராக ஒப்பிட்டும், தெரியாத இடங்களில் மேல் கீழ் எல்லை கட்டியும் இதைக் காட்டினார்கள். குறைந்தபட்ச உறுதி கையில் இருந்ததால்தான் துணிந்து ஊகிக்க முடிந்தது. உறுதியையும் ஊகத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒன்றை இன்னொன்றுக்கு அடித்தளமாக்கிய இந்த வேலையை, அல்காரிதம் கற்கும் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

கேள்வி மாறிய கதை

1990களில் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்தும் பலர் தொட்டார்கள். 1995இல் கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் மூவரும் பல அல்காரிதங்களை ஒரே களத்தில் இறக்கி ஒப்பிட்டார்கள். லேபிள்களைத் தற்செயலாக இடம் மாற்றிக்கொண்டே போய், மோசமான மாற்றங்களையும் தொடக்கத்தில் ஓரளவு அனுமதித்து, போகப்போக இறுக்கும் 'சிமுலேட்டட் அனீலிங்' என்ற முறைக்கு அந்த ஒப்பீட்டில் நல்ல பெயர் கிடைத்தது. உலோகத்தைக் காய்ச்சி மெதுவாக ஆறவிடுவதிலிருந்து வந்த பெயர் அது. இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி, சுவிட்சர்லாந்தின் மேப் வரைஞர் எட்வர்ட் இம்ஹோஃப். 1962இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு பெயர் மேப்பில் எங்கே நின்றால் கண் தடுமாறாது என்பதைக் கைவேலைக்காரரின் நுணுக்கத்தோடு சொல்கிறது. பின்ஹாஸ் யோயெலி 1972இல் அந்த நுணுக்கத்தைக் கணினிக்கு ஏற்ற விதிகளாக்கினார்.

அப்புறம் 2001. வாக்னரும் வோல்ஃபும் இன்னும் இருவரோடு சேர்ந்து, மூன்று எளிய விதிகள் போதும் என்று காட்டிய கட்டுரை வருகிறது. மோதாத இடம் இருந்தால் எடுத்துக்கொள். இரண்டு பக்கத்துவீட்டுக்காரர்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ள முடிந்தால் அப்படியே முடி. இந்தப் போக்கில் போகும் விதிகள். சோதனைத் தரவுகளில் மியூனிக் துளைகளும் இருந்தன. ஆனால் இந்தக் கட்டுரையில் கேள்வியே வேறு. முன்பு, எல்லாரும் இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாகலாம் என்று கேட்டார்கள். இப்போது, எழுத்தின் அளவு இதுதான், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று கேட்கிறார்கள்.

இரண்டுமே நேர்மையான கேள்விகள்தான். கணினித் திரைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். திரையில் எழுத்தை ஓரளவுக்கு மேல் சிறிதாக்க முடியாது. பயனர் ஜூம் செய்துகொள்ளலாம் என்ற வசதியும் உண்டு. இன்று இணைய மேப்கள் பெரும்பாலும் செய்வது இதில் மிக எளிய வடிவம். பெயர்களை முக்கியத்துவப்படி வரிசையாக நிறுத்து. முதல் பெயரை வை. அடுத்தது இடித்தால் வேறு மூலையில் முயன்று பார். அங்கும் இடித்தால் விட்டுவிடு. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் டூ-சாட்டும் அனீலிங்கும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாதுதான்.

திரைக்கென்று புதுச் சிக்கல்களும் உண்டு. நியூயார்க்கில் கென் பீன், எலி டைச்சஸ், சீ யாப் மூவரும் 2006இல் அவற்றை ஒழுங்காக வரையறுத்தார்கள். உள்ளே ஜூம் செய்யும்போது, திரையில் இருக்கிற ஊரின் பெயர் மறையக் கூடாது. வெளியே வரும்போது இல்லாத பெயர் திடீரென்று முளைக்கக் கூடாது. பெயர் இங்கும் அங்கும் தாவக் கூடாது. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரே மேப்தான் தெரிய வேண்டும். இதற்காக ஒவ்வொரு லேபிளுக்கும் "இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை நீ தெரியலாம்" என்று முன்கூட்டியே ஒரு வரம்பைக் குறித்துவைப்பது அவர்கள் வழி. கைப்பேசியில் மேப்பை விரலால் இழுக்கும்போது ஓர் ஊரின் பெயர் கண்சிமிட்டி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்று அங்கே மீறப்படுகிறது.

என் கவலை வேறொன்று. சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும் குறை. படிக்கிறவர் கண்ணைச் சுருக்குவார், திட்டுவார், திருத்தச் சொல்வார். விடுபட்ட பெயர் அப்படியில்லை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லாதது போலவே மேப் காட்சியளிக்கும். முக்கியத்துவ வரிசையைப் பெரும்பாலும் மக்கள்தொகையோ ஊரின் தரமோ தீர்மானிப்பதால், பெரிய ஊருக்கு அருகில் இருக்கும் சின்ன ஊர் ஒவ்வொரு முறையும் தோற்கும். அதே அளவு சின்ன ஊர் வெட்டவெளியில் இருந்தால் பெயரோடு தெரியும்.

தமிழில் எழுதும்போது

இதே வேலையைத் தமிழ்ப் பெயர்களோடு செய்தால் இன்னொரு கதவு திறக்கிறது. அல்காரிதம் எதுவானாலும் அது கையாள்வது ஒரு செவ்வகத்தை. அந்தச் செவ்வகத்தின் அளவே தவறாக இருந்தால்?

இணைய மேப்களை வரையும் மென்பொருள் ஒன்றைத் தரும் மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் அதன் உரிம விதியை மாற்றியபோது, திறந்த மூலமாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக) தொடர்வதற்காக அதிலிருந்து பிரிந்து வந்த மென்பொருள் மேப்லிப்ரே. இந்தக் குடும்பத்து மென்பொருள்கள் எழுத்துருவை 256 யூனிகோடு குறியீடுகள் (எழுத்துகளுக்குக் கணினியில் தரப்பட்ட எண்கள்) கொண்ட துண்டுகளாக இறக்கிக்கொள்ளும். தமிழ் வருவது 2816 முதல் 3071 வரையான துண்டில். அதில் முதல் பாதி ஒடியா எழுத்துகளுக்கு. ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் ஒரு படம், அவற்றை வந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்குவது என்பதே அதன் அடிப்படை முறை. ஆங்கிலத்துக்கு அது போதும். 'சென்னை'க்குப் போதாது. யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு. அதை வரிசைப்படி அடுக்கினால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'னை'யின் இணைக்கொம்பும் அப்படியே. 'கோயம்புத்தூர்' இன்னும் மோசம்: 'கோ'வின் கொம்பும் காலும் க-வை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டியவை, இரண்டும் ஒன்றாக க-வுக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். 'பு', 'தூ' போன்றவை ஒரே வடிவமாகச் சேர வேண்டும். பிரித்து அடுக்கினால் பெயரின் அகலமே மாறிவிடும். பிழையான அகலத்தை வைத்துத்தான் பக்கத்துப் பெயரோடு மோதுகிறதா என்ற கணக்கும் நடக்கும்.

மாப்னிக் போன்ற, சர்வரிலேயே படமாக வரைந்து அனுப்பும் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. அது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைச் சரியாகக் கோத்த பிறகே அளவு எடுக்கிறது. கோத்த பிறகு அளப்பது என்ற இந்த ஒரு வரிசைமுறைதான் நமக்கு உயிர்நாடி.

சிறு மேப்கள் செய்யும்போது நான் மியூனிக்கிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. கிணறு, ஆரம்ப சுகாதார நிலையம், புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றைக் குறிக்கும்போது முதலில் "எல்லாரும் இருக்க வேண்டும்" என்று வைத்து, எழுத்து எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பார்க்கிறேன். படிக்க முடியாத அளவுக்கு இறங்கினால் மேப்பை இரண்டாகப் பிரிக்கிறேன், அல்லது நெரிசலான பகுதியை மட்டும் பெரிதாக்கி ஓரத்தில் தனிக்கட்டமாக வைக்கிறேன். அப்படியும் சில பெயர்களை விட வேண்டி வந்தால், எத்தனை புள்ளியில் எத்தனைக்குப் பெயர் எழுதியிருக்கிறது என்ற கணக்கை, மேப்பின் கீழ் மூலையில், அளவுகோலுக்குப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.